ஊசியைத் தூக்கிய பிறகும் கேட்ட கச்சேரி

"அண்ணா, இந்தத் தம்புரா ஏன் ஓயவே மாட்டேங்குது?" என்று என் தங்கை கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்து எழுபதுகளின் எல்பி இசைத்தட்டு ஒன்றை வைத்திருந்தேன். ஆலாபனை முடிந்து பாடகர் மூச்சு விடும் இடம். தம்புரா ஓயாமல் ஒலிக்கத்தானே வேண்டும், இதென்ன கேள்வி என்று பார்த்தேன். அவள் பதினைந்து வருஷம் பாட்டுக் கற்றவள், வாரம் மூன்று நாள் தம்புராவோடு உட்கார்கிறவள். "அதச் சொல்லல. ஒவ்வொரு மீட்டுக்குப் பின்னாடியும் ஒரு தொங்கல் இருக்கு பாருங்க. மிருதங்கம் அடிக்கிறப்பகூட அது சேர்ந்து கூவுது" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் குறையாகச் சொன்ன அதே விஷயத்தைத்தான் நான் நான்கு மாதமாகக் கொண்டாடிக்கொண்டிருந்தேன். 1950-களில் ஐரோப்பாவில் செய்த நீண்ட பிளேட் இசிசி83 வால்வு ஜோடி ஒன்றைப் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்து வரவழைத்திருந்தேன். வால்வு என்பது பழைய ரேடியோக்களில் இருக்குமே, சத்தத்தைப் பெருக்கும் அந்தக் கண்ணாடிக் குழாய்; இசிசி83 அதில் ஒரு வகை, பிளேட் அதன் உள்ளே இருக்கும் உலோகத் தகடு. அதைப் போட்ட நாளிலிருந்து கச்சேரி நடந்த கூடத்தின் ஆழம் தெரிகிறது, தம்புராவின் மினுமினுப்பு காற்றில் நிற்கிறது என்று என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். "அதும்மா, இந்த வால்வோட அழகே அதுதான்" என்றேன். அவள் வாதாடவில்லை. காபி குடித்துவிட்டு இன்னொரு தட்டு கேட்டாள். மறுநாள் மதுரைக்குக் கிளம்பிவிட்டாள். கேள்வி மட்டும் என்னோடேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்தத் தட்டை எப்போது வைத்தாலும், பாடகரைக் கேட்பதற்கு முன்னால் அந்தத் தொங்கலைத்தான் என் காது தேடியது.

என் ப்ரீஆம்ப், அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்புக்கு முன்னால் நிற்கும் பெட்டி, கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் கையால் கட்டிக்கொடுத்தது. அதில் ஊசியிலிருந்து வரும் மெல்லிய சத்தத்தைப் பெருக்கும் ஃபோனோ பகுதி, 1958-இல் வந்த மராண்ட்ஸ் 7 ப்ரீஆம்ப்பின் வழியில், மூன்று இசிசி83 கொண்ட சர்க்யூட். முதல் இரண்டு வால்வுகள் சத்தத்தைப் பெருக்குகின்றன. மூன்றாவது பெருக்குவதில்லை, கேத்தோடு ஃபாலோயராக நின்று அடுத்த கட்டத்துக்குக் கைமாற்றிவிடுகிறது. இந்த மூன்று சாக்கெட்டும்தான் எட்டு வருஷமாக என் விளையாட்டு மைதானம். ஜெர்மன், டச்சு, பிரிட்டிஷ், ரஷ்யன் என்று எத்தனை மாற்றியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம்: எந்தத் தட்டு, எந்த ராகம், எப்படிக் கேட்டது.

வால்வு மாற்றினால் ஒன்றும் மாறாது, எல்லாம் மனப்பிரமை என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. ஒரே எண் அச்சிட்ட இரண்டு வால்வுகளுக்குள் பிளேட்டின் நீளம் வேறு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட் கம்பியின் இழுப்பு வேறு, எலக்ட்ரான்களை உமிழும் கேத்தோடில் பூசிய பேரியம் ஆக்சைடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது வேறு. ஒரே கண்ணாடிக்குள் இருக்கும் இரண்டு டிரையோடுகளே, அதாவது பெருக்கும் பகுதிகளே, ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதில்லை. ஸ்டீரியோவில் இடது பக்கம் கொஞ்சம் ஓங்கி நிற்பதற்குப் பல சமயம் இதுதான் காரணம். இரைச்சலும் வால்வுக்கு வால்வு மாறும். இதெல்லாம் மீட்டரில் அளக்கக்கூடிய வித்தியாசங்கள்.

ஆனால் என்னுடையது ஃபீட்பேக் போட்ட சர்க்யூட், அதாவது வெளிவரும் சத்தத்தில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே கொடுத்துச் சரிபார்க்கும் முறை. ஃபீட்பேக்கின் வேலையே வால்வுக்கு வால்வு இருக்கும் வித்தியாசத்தை அமுக்குவதுதான். பெருக்கம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் கடைசியில் வெளிவரும் சத்தம் பெரிதாக மாறக் கூடாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வால்வு மட்டும் கூடத்தையே பெரிதாக்கிக் காட்டுகிறது என்றால், அது பெருக்குவதைத் தவிர வேறு ஏதோ செய்கிறது என்று அர்த்தம். இந்த யோசனை எனக்கு அன்றே வந்திருக்க வேண்டும். அந்தச் சத்தத்தின் மேலிருந்த ஆசை யோசிக்க விடவில்லை.

கடப்பா கல்லும் கூர்முனைகளும்

அதிர்வைப் பற்றி நான் கவலைப்படாமல் இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. ஆடியோ ஸ்டாண்டின் மேல்தட்டில் ஒன்றரை அங்குலக் கடப்பா கல், அடியில் பித்தளைக் கூர்முனைகள். கனமான கல் அதிர்வை விழுங்கிவிடும், கூர்முனை அதிர்வைத் தரைக்குள் இறக்கிவிடும் என்று எல்லோரும் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். இரண்டுமே பாதி உண்மைதான். கூர்முனை எதையும் பிரிப்பதில்லை, மேலே உள்ளதைக் கீழே உள்ளதோடு இறுக்கிச் சேர்க்கிறது. பிரிட்டனின் பழைய வீடுகளில் தரை என்பது மரச்சட்டத்தின் மேல் போட்ட பலகை. அங்கே கம்பளத்தைத் துளைத்துக்கொண்டு ஸ்பீக்கர் ஆடாமல் நிற்பதற்குக் கூர்முனை உதவும். நம் ஃப்ளாட்டுகளின் கான்க்ரீட் தளத்தில் டைல்ஸ் மேல் அதே கூர்முனைக்குப் பெரிதாக வேலையில்லை. கல்லை இரண்டு விரலால் தட்டிப் பாருங்கள், அதற்கென்று ஒரு சுரம் உண்டு. அந்தச் சுரம் பாட்டில் வரும்போதெல்லாம் கல்லும் சேர்ந்து பேசும்.

அதிர்வைப் பிரிப்பதென்றால் அடியில் ஸ்பிரிங் போல எதாவது அமுங்கிக் கொடுக்க வேண்டும். கணக்கு எளிது. மேலே வைத்த எடையால் ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால் அந்த அமைப்பின் சொந்த அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது, கிடைக்கும். ஒரு சென்டிமீட்டர் அமுங்கினால் 5 ஹெர்ட்ஸ். ஒரு மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால் கிட்டத்தட்ட 16 ஹெர்ட்ஸ். அந்த எண்ணைப் போல 1.4 மடங்குக்கு மேலே போனால்தான் பிரிப்பு என்பதே தொடங்கும். அதற்குக் கீழே ஒரு நன்மையும் இல்லை, சொந்த அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் முன்பிருந்ததைவிட மோசமாகும். கடைகளில் விற்கும் கடினமான ரப்பர் பாதங்கள் பலவும் மிருதங்கத்தின் கனத்த பக்கமான தொப்பி அதிரும் இடத்தில் ஏன் உதவுவதில்லை என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். 1961-இல் அமெரிக்காவின் அகூஸ்டிக் ரிசர்ச் கொண்டுவந்த டர்ன்டேபிளில், தட்டு சுழலும் அச்சையும் ஊசி தாங்கும் கையையும் ஒரே சட்டத்தில் பொருத்தி, அந்தச் சட்டத்தை ஸ்பிரிங்குகளில் மிதக்கவிட்டார் எட்கர் வில்ச்சூர். அதன் பிறகு வந்த எத்தனையோ டர்ன்டேபிள்களுக்கு அந்த யோசனைதான் தாய்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தும் ஏட்டளவில்தான் இருந்தது. கல் பார்க்க அழகாக இருந்தது. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

பொதுத்தேர்வு மாதங்கள்

மகளுக்கு ப்ளஸ் டூ. ஜனவரியிலிருந்து மார்ச் கடைசி வரை வீட்டில் ஸ்பீக்கர் கிடையாது என்று நானே சொல்லிவிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் அவள் உள்ளறையில் இயற்பியல் படிப்பாள், நான் ஹாலில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். ப்ரீஆம்ப்பின் முன்பக்கத்திலேயே ஹெட்போன் துளை இருக்கிறது. அதே டர்ன்டேபிள், அதே தட்டுகள், அதே வால்வுகள். மாறியது ஸ்பீக்கர் ஒன்றுதான்.

இரண்டாவது வாரத்தில் தங்கை கேட்ட அந்த எல்பியை வைத்தேன். ஆலாபனை முடிந்தது. தொங்கலைக் காணோம். மீட்டினால் தம்புரா எழுகிறது, நிறைகிறது, அடுத்த மீட்டு வரும்போது தணிந்து இடம் விடுகிறது. முதலில் ஹெட்போனைச் சந்தேகப்பட்டேன். நண்பரிடமிருந்து வேறொன்று கடன் வாங்கிப் போட்டேன், அதிலும் இல்லை. ஹெட்போனில் கூடத்தின் உணர்வு குறையும் என்பது தெரிந்த விஷயம். ஆனால் காணாமல் போனது கூடம் இல்லை. பதிவு நடந்த அரங்கின் எதிரொலி, யாரோ இருமுவது, வயலின்காரர் வில்லை மாற்றும் சின்ன உரசல் எல்லாம் முன்னைவிடத் தெளிவாகவே இருந்தன. நான் காசு கொடுத்து வாங்கிய அந்த மினுமினுப்பு மட்டும் இல்லை.

ஸ்பீக்கர் பாடினால் இருக்கிறது, பாடாவிட்டால் இல்லை. அப்படியானால் அது தட்டிலும் இல்லை, வால்வின் பெருக்கத்திலும் இல்லை. ஸ்பீக்கரிலிருந்து கிளம்பி, அறையைச் சுற்றி, எங்கேயோ திரும்ப உள்ளே நுழைகிறது. எந்த வாசல் வழியாக என்பதுதான் கேள்வி. ஊசி வழியாகவும் வரலாம், வால்வு வழியாகவும் வரலாம். தேர்வு முடியும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மார்ச் கடைசியில், மகள் தோழி வீட்டுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். பவர் ஆம்ப்பை ப்ரீஆம்ப்பிலிருந்து கழற்றி நேரே என் மொபைலில் மாட்டினேன். ப்ரீஆம்ப்பில் பதிவு செய்வதற்கென்று இருக்கும் டேப் அவுட் துளையிலிருந்து ஒரு வயரை ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக லேப்டாப்புக்குக் கொடுத்தேன். டர்ன்டேபிள் நின்றுவிட்டது, ஊசியைத் தூக்கியாயிற்று. அது மட்டும் போதாது என்று தோன்றியதால் டர்ன்டேபிள் வயரையே உருவிவிட்டு ஃபோனோ உள்ளீட்டில் அதை அடைத்துவிடும் ஷார்ட்டிங் பிளக்கைச் செருகினேன். இனி ஃபோனோ பகுதிக்குள் போவதற்கு ஒரு சத்தமும் இல்லை. அது வெறும் அமைதியைத்தான் பெருக்க வேண்டும். அரை மணி நேரம் வால்வுகள் சூடேறட்டும் என்று விட்டேன். ஃபேனை நிறுத்தினேன். ஒரு நிமிஷம் அந்த அமைதியைப் பதிவு செய்தேன். கொஞ்சம் இரைச்சல், கரண்டின் மெல்லிய ஹம், அவ்வளவுதான்.

பிறகு மொபைலில் ஒரு கச்சேரிப் பதிவின் மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தை ஓடவிட்டேன். ஸ்பீக்கரில் வழக்கமாகக் கேட்கும் அளவு சத்தம். லேப்டாப் திரையில் கோடு தட்டையாக இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்ன மேடுகள் எழ ஆரம்பித்தன. ஐந்து நிமிஷம் பதிவு செய்து நிறுத்தினேன். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்போனை மாட்டி, அந்தப் பதிவை நூறு மடங்கு உயர்த்திக் கேட்டேன்.

கச்சேரி கேட்டது. ஊசி தொடாத, வயர்கூட இல்லாத ஒரு ஃபோனோ பகுதிக்குள்ளிருந்து மிருதங்கம் கேட்டது. பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்திலிருந்து மூடிய ஜன்னல் வழியாக வருவது போல. ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் கண்ணாடி டம்ளரை நகத்தால் சுண்டினது மாதிரி ஒரு 'டிங்', அரை நொடிக்கு நீண்டு தேயும் ஒலி. தனி முடிந்து பாடகர் பல்லவியை எடுக்கும் இடத்தில் குரலின் ஏற்ற இறக்கம் தெரிந்தது. வார்த்தை புரியவில்லை, ராகம் புரிந்தது. பின்னால் தம்புரா அந்த 'டிங்'கின் சுரத்திலேயே மினுமினுத்துக்கொண்டிருந்தது. என் நோட்டில் இருக்கும் அதே மினுமினுப்பு. ஹெட்போனைக் கழற்றாமல் ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இது நடக்கும் விதம் ஆச்சரியமானதல்ல, வால்வு ரேடியோ ரிப்பேர் செய்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேத்தோடுக்கும் கிரிட்டுக்கும் இடையே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு. கிரிட் கம்பி முடியைவிட மெல்லியது. கண்ணாடி அதிர்ந்தால் உள்ளே அந்த இடைவெளி கூடிக் குறைகிறது, அதற்கேற்ப மின்னோட்டமும் கூடிக் குறைகிறது. வால்வு மைக்காகிவிடுகிறது, அதனால்தான் இதை மைக்ரோஃபோனிக் என்கிறார்கள். பிளேட் நீளமாக இருந்தால் உள்ளே ஆடுவதற்கு நீளமும் கூடுதல். உள்ளுறுப்புகளைப் பிடித்து நிறுத்தும் மைக்கா தகட்டின் துளைகள், ஆண்டுக்கணக்கில் சூடேறிக் குளிர்ந்து, லேசாகத் தளர்ந்துபோயிருக்கும். அறுபது வருஷத்துக்கு மேல் கடந்து வந்த ஒரு பொருளுக்கு இப்படி ஆனதற்கு அதைச் செய்த தொழிற்சாலையைக் குறை சொல்வது நியாயமில்லை, அதனால் பெயரை எழுதவில்லை. ஃபோனோவின் முதல் சாக்கெட்டில் அதைப் போட்டதுதான் தவறு. ஊசி பொருத்திய மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் கொடுப்பது அரை மில்லிவோல்ட் அளவு. அதை ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டியிருக்கிறது. முதல் வால்வு தானாக முணுமுணுத்தால் அதுவும் பாட்டோடு சேர்ந்து பெருகும். அங்கே பிறக்கும் சத்தத்தை ஃபீட்பேக்கால் பிரித்தறிய முடியாது. போதாததற்கு, தட்டில் குறைத்துப் பதிந்த கீழ் ஸ்தாயியை ஈடுகட்டும் ஆர்ஐஏஏ சமன்பாடு அதைத் தூக்கிக் கொடுக்கிறது: 1 கிலோஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ பத்து மடங்கு.

எது எந்த வழியில் வந்தது

அன்றே மற்ற வால்வுகளையும் ஒவ்வொன்றாக முதல் சாக்கெட்டில் போட்டு அதே ஐந்து நிமிஷத்தைப் பதிவு செய்தேன். ஸ்லோவாக்கியாவின் சாட்சா நகரில் இன்றைக்கும் செய்யும் ஜேஜே நிறுவனத்தின் குட்டை பிளேட் இசிசி83, நோட்டில் நான் "சுமார்" என்று எழுதி ஒதுக்கியது, கிட்டத்தட்ட மௌனமாக இருந்தது. தொப்பியின் பெரிய அடிகளுக்கு மட்டும் ஒரு மங்கலான 'தும்'. நான் மிகவும் புகழ்ந்து எழுதியிருந்த இன்னொரு பழைய வால்வு இரண்டாவது பெரிய பாடகர். எட்டு வருஷத்தின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோது 'காற்றோட்டம்', 'ஆழம்', 'ஒளிவட்டம்' என்று நான் எழுதிய வால்வுகள்தான் இந்தச் சோதனையில் அதிகம் பேசின. எல்லாம் அப்படி இல்லை. ஒரு டச்சு வால்வு அமைதியாகவும் இருந்தது, இனிமையாகவும் இருந்தது. ஆனால் என் ரசனை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு, வால்வும் கடப்பா கல்லும் ஸ்பீக்கரும் சேர்ந்து அடித்த மணி.

அதிர்வு கல் வழியாக வருகிறதா, காற்று வழியாக வருகிறதா என்று பிரிக்க வேண்டியிருந்தது. பழைய வால்வையே திரும்பப் போட்டு, ப்ரீஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். மௌனம். திரும்ப ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து, கல்லின் அடியில் குழந்தைகள் சைக்கிளின் 12 அங்குல ட்யூபைப் பாதிக் காற்றோடு வைத்தேன். கல்லை விரலால் அழுத்தி விட்டால் நொடிக்கு மூன்று நான்கு முறை மிதந்து அடங்குகிறது. ஊசிக் கையின் சொந்த அதிர்வு 8-லிருந்து 12 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும், அதற்கும் இதற்கும் நல்ல தூரம். பதிவு செய்து கேட்டால் அந்த 'தும்' எல்லாம் போய்விட்டது. 'டிங்' அப்படியே இருக்கிறது. அதாவது கனத்த அதிர்வு ஸ்டாண்டு வழியாக வந்தது, கண்ணாடிச் சத்தம் காற்றில் நேராக வந்து வால்வில் மோதியது. இரண்டாவதை எந்தப் பாதமும் தடுக்காது, அதன் விலை எத்தனை லட்சமானாலும். ஸ்டாண்டை அறையின் மூலையிலிருந்து வெளியே நகர்த்தினேன். மூலையில்தான் கனத்த சத்தம் குவிகிறது. வால்வுகளின் மேல் சூடு தாங்கும் சிலிக்கான் வளையங்களைப் போட்டேன். 'டிங்' பாதியாகக் குறைந்தது, போகவில்லை.

சைக்கிள் ட்யூபும் ஜேஜேயும் இருக்கும் நிலையில் அன்று சாயங்காலம் தங்கையின் எல்பியை ஸ்பீக்கரில் வைத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: முதலில் வெறுமையாக இருந்தது. நான் பழகிய ஏதோ ஒன்று வீட்டை விட்டுப் போனது போல இருந்தது. இரண்டு நாள் பழைய வால்வைத் திரும்பப் போடலாமா என்று கை அரித்தது. அழகாக இருந்தால் போதாதா, ரசிக்கத்தானே இத்தனையும் என்று எனக்குள் ஒரு வாதம். அந்த வாதத்தை நான் லேசாக ஒதுக்கவில்லை.

என்னை மாற்றியது தம்புராவேதான். தம்புராவின் பாலத்தில் தந்திக்கு அடியில் ஒரு நூலை வைப்பார்கள், ஜீவாளி என்பார்கள். அந்த நூலை மயிரிழை அளவு நகர்த்தி நகர்த்தி, தந்தி பாலத்தின் வளைவை உரசி உரசி எழும் அந்த ரீங்காரம் விரிகிற ஒரே ஒரு புள்ளியைக் கண்டுபிடிப்பார்கள். தங்கை அதற்காகக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு, மீட்டி, நகர்த்தி, மீட்டி, நகர்த்தி. அந்தப் பதிவு நடந்த அன்றும் மேடைக்குப் பின்னால் யாரோ ஒருவர் அப்படித்தான் உட்கார்ந்து அந்தப் பாடகரின் சுருதிக்கு அந்த நூலை வைத்திருப்பார். அவர் பெயர் தட்டின் உறையில்கூட இல்லை. அவர் வைத்த ரீங்காரத்தின் மேல் என் ஹாலில் ஒரு தளர்ந்த மைக்கா தகடு இன்னொரு ஜீவாளியைப் போட்டுக்கொண்டிருந்தது. எல்லாத் தம்புராவுக்கும் ஒரே ஜீவாளி, எந்தச் சுருதிக்கும் ஒரே 'டிங்'. இதை யோசித்த பிறகு பழைய வால்வை அந்த சாக்கெட்டில் போட மனசு வரவில்லை.

மூன்றாவது வாரத்தில் வெறுமை போய்விட்டது. மீட்டுக்கும் மீட்டுக்கும் நடுவில் தம்புரா எவ்வளவு தணிகிறது என்பது கேட்க ஆரம்பித்தது. நான்கு தந்திகளும் நான்கு குணமாகக் கேட்டன, மந்தர சட்ஜம் மட்டும் கொஞ்சம் தாமதமாக மலர்வது உட்பட. பக்கத்தில் உட்கார்ந்து மீட்டுகிறவரின் விரல் சில இடங்களில் அவசரப்படுவதும் கேட்டது.

பதினெட்டாயிரம் ரூபாய் ஜோடியை விற்கவில்லை. அதில் ஒன்றை மூன்றாவது சாக்கெட்டில் போட்டிருக்கிறேன், கேத்தோடு ஃபாலோயர் இடத்தில். அங்கே வந்து சேருவதற்குள் இசை நூற்றுக்கணக்கான மடங்கு பெருகிவிடுகிறது. அதன் முணுமுணுப்பு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஊசியைத் தூக்கி, உள்ளீட்டை அடைத்து, அதே ஐந்து நிமிஷத்தைப் பதிவு செய்து, நூறு மடங்கு உயர்த்திக் கேட்டேன். மெல்லிய இரைச்சல், கொஞ்சம் ஹம். மிருதங்கம் இல்லை. நோட்டில் அந்த வால்வின் பழைய பக்கத்தை அடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு, அடியில் தேதி போட்டு "மூன்றாவது சாக்கெட், அமைதி" என்று எழுதினேன்.

இந்தப் பொங்கலுக்குத் தங்கை வந்திருந்தபோது நான் ஒன்றும் சொல்லாமல் அதே தட்டைத்தான் வைத்தேன். ஆலாபனை முடிந்து தம்புரா மட்டும் ஒலிக்கும் அந்த இடத்தில் அவள் மகனுக்குத் தோசையைப் பிய்த்து ஊட்டிக்கொண்டே சன்னமாகத் தம்புராவோடு சேர்ந்து சட்ஜம் பிடித்தாள்.